இரவல் நிதானம்

முப்பத்தைந்து டன் பெட்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

கப்பலிலிருந்து தூக்கியாகிவிட்டது. கரையில் காத்து நின்ற ஆளில்லா லாரியின் முதுகில் வைக்க இன்னும் பத்தடிதான் பாக்கி. அதற்குள் கிரேன் உறைந்துபோனது. தரையிலிருந்து நூற்றைம்பது அடி உயரத்தில், காலுக்குக் கீழே கண்ணாடி பதித்த கேபினில் உட்கார்ந்திருந்த பெனிட்டாவின் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த நிதானி பேசியது. தேனில் வாய் கொப்புளித்துவிட்டு வந்ததுபோல் ஒரு பெண்குரல்.

"நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள். கண்களை மூடி மெல்ல மூச்சை இழுங்கள். உங்கள் இயந்திரம் உங்களுக்காகக் காத்திருக்கும்."

"எவ பதட்டமா இருக்கா? நான் கவனமா இருக்கேன், சவத்து மூதி" என்றாள் பெனிட்டா.

நிதானிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு எண். நாடித் துடிப்பு, தோலின் ஈரம், ரத்தத்தில் ஓடுகிற ஏதோ ஒரு சுரப்பு, மூன்றையும் கலந்து பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவில் ஒரு எண்ணைச் சொல்லும். அறுபதுக்கு மேல் மூன்று நிமிடம் நின்றால், அந்த ஆள் ஓட்டுகிற இயந்திரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். எண் கீழே இறங்கிப் பத்து நிமிடம் அங்கேயே இருந்தால்தான் பூட்டு திறக்கும். மூன்று பூட்டு விழுந்துவிட்டால் ஆளைத் தரைக்கு இறக்கிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் கேபின் கிடையாது.

பெனிட்டாவுக்கு இது இரண்டாவது பூட்டு. கை கட்டி உட்கார்ந்து, தன் மனசைத் தானே கெஞ்சி, எண் ஐம்பத்தெட்டுக்கு வருவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அந்தத் தேன்குரல் நடுவில் நாலு தரம் வந்து மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தது. அது வரும்போதெல்லாம் எண் இரண்டு ஏறியது.

அவளுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுக்க யாரும் வேண்டாம். இருபத்தொன்பது வயதில், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு அடைத்து, கை மரத்து, செத்துப்போகிறோம் என்று தோன்றிய நாளிலிருந்து அவள் மூச்சைப் படித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் இருதய டாக்டர், ஒன்றுமில்லை என்றார். பிறகு மாமியார் சொன்ன மந்திரிப்பு, அதற்குப் பிறகு கோயிலில் ஒன்பது செவ்வாய். தெருவில் "கோட்டி புடிச்சிருக்கு" என்று பைத்தியக்காரப் பட்டம். ஒன்றரை வருடம் கழித்துத்தான் சிவகாமி டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பீதி நோய். போகாது, ஆனால் வைத்துக்கொண்டு வாழலாம் என்றார்.

வாழ்ந்தாள். சர்க்கரை நோய்க்காரன் சோற்றை அளந்து தின்பதுபோல அவள் தன் நாளை அளந்து வாழ்ந்தாள். தினம் ஒரு மாத்திரை, காலையில் நாற்பது நிமிடம் நடை, காப்பி கிடையாது. பீதி வரும்போது அதை விரட்டமாட்டாள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்கையில் பிடித்து, "வந்துட்டியா? உக்காரு. எனக்கு வேலை கெடக்கு" என்பாள். அது இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடும். இப்படியே பதினாலு வருடம். அவள் தூக்கி வைத்த பெட்டி ஒன்றில்கூட ஒரு கீறல் கிடையாது.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த அந்தத் தனியார் துறைமுகத்தில், நிதானி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

பாதுகாப்பு அதிகாரி தியோடரின் அறைக்கு நேரே போனாள். முப்பத்திரண்டு வயதுப் பையன். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

"சார், என் அறுபது வேற, ஊரான் அறுபது வேற. நான் காலையில பல்லு தேய்க்கும்போதே அம்பத்தஞ்சுல இருப்பேன். காத்து அடிச்சா அறுபத்தஞ்சு. அதுல இருந்துக்கிட்டுத்தான் இத்தனை வருசமா பெட்டி தூக்குதேன். ஒரு கீறல் உண்டுமா, சொல்லுங்க."

"இல்ல மேடம். உங்க ரெக்கார்டு எனக்குத் தெரியும்."

"பெறவென்ன?"

"மெஷினுக்கு எல்லாருக்கும் ஒரே அறுபதுதான்." கொஞ்சம் யோசித்தான். "தனி அளவுகோல்னு ஒரு வழி இருக்கு. பதினாலாம் நம்பர் படிவம். உங்க இயல்பான எண் எதுவோ, அதுக்கு மேல போனா மட்டும் பூட்டும்."

"குடுங்க, இப்பவே எழுதுதேன்."

"டாக்டர் சர்டிபிகேட் வேணும்."

"நாளைக்கே வாங்கித் தாரேன்."

"பதற்ற நோய் இல்லைன்னு சர்டிபிகேட்."

பெனிட்டா படிவத்துக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "நோய் இல்லாதவனுக்கு எதுக்கு சார் அந்தப் படிவம்?"

"சில பேருக்குப் பிறவியிலேயே நாடி வேகமா இருக்கும் மேடம். அவங்களுக்காகப் போட்டது."

"அப்போ சும்மா வேகமா ஓடுதவனுக்கு வழி உண்டு. அதே வேகத்தை மருந்து தின்னு, நாயா பேயா பாடுபட்டுக் கட்டி வச்சிருக்கவளுக்கு வழி கெடையாது. நல்லா இருக்கு சார் ஒங்க நியாயம்."

"நான் எழுதின விதி இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுத் தியோடர் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

வீட்டில் புருஷன் ராயப்பனிடம் சொன்னாள். ஐஸ் பிளான்டில் மெக்கானிக்; எது உடைந்தாலும் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற ஜாதி. "ஏட்டி, அதையே நெனைக்காத. தானா சரியாப் போயிரும்" என்றான். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவன் இந்த ஒரு வைத்தியத்தை மட்டும் மாற்றவே இல்லை. பெனிட்டா தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வழி காட்டியவன் காசிலிங்கம். போர்க்லிப்ட் ஓட்டுகிறவன்; அவனுக்கும் ஒரு பூட்டு விழுந்திருந்தது. "யக்கா, எங்கூட வாங்க" என்று கேட்டுக்கு வெளியே, துறைமுக மதிலை ஒட்டியிருந்த வண்டி ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனான்.

உலகம் எவ்வளவு மாறினாலும் பைக்கை நிறுத்த ஓர் இடம் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சுடலைமுத்து. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். போன வருடம் ஓர் ஆளில்லா லாரி வழி தப்பி அவர் கொட்டகையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தபோது, காலை மட்டும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, "பாத்து ரிவர்ஸ் எடுடே" என்று அந்த டிரைவரில்லாத லாரியைப் பார்த்துச் சொன்னாராம். ஊரே இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும்.

காசிலிங்கம் கண் காட்ட, சுடலைமுத்து இடது சட்டைக் கையைச் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வரிசையாக ஆறு நிதானி. ஆறிலும் இருபத்திரண்டு.

நிதானியைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒருவனுக்காக இன்னொருவன் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவர்கள் ஊரில் இல்லை போலிருக்கிறது. குளிக்க, கைகால் கழுவ என்று பத்து நிமிடம் அதைக் கழற்றி வைக்கலாம். பத்து நிமிடத்துக்குள் வெதுவெதுப்பான ஒரு மணிக்கட்டில் ஏறி, வேலை நேரத்தில் மதிலை ஒட்டிய தூரத்துக்குள் இருந்தால் போதும். அது யாருடைய மணிக்கட்டு என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"இது தப்பில்லையா அண்ணாச்சி?" என்றாள் பெனிட்டா.

"ஒன்ன மாதிரி வேலை தெரிஞ்ச பிள்ளைய எறக்கி விடுதது மட்டும் சரியாம்மா?" என்றார் சுடலைமுத்து. கொட்டாவி விட்டார். "காசு கீசு வேண்டாம். ஆளுக்கு ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு. புதன்கெழமை மட்டும் காலியா கெடக்கு."

"மீன் கொழம்பு வைக்கேன்."

"அப்போ சரி. கழட்டு."

முழங்கைக்கு அருகே இருந்த நிதானியின் மேல் மட்டும் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது. அது யாருடையது என்று கேட்டாள். "ஞாயித்துக்கெழமை. பிரியாணி பார்சல்ல வரும். ஆளைச் சொல்லப்படாது" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு பேரும் வராது என்று அப்போதே தெரிந்தது.

மறுநாளிலிருந்து பெனிட்டாவின் கிரேன் பூட்டவே இல்லை. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தது, கப்பல் ஆடியது, நெஞ்சுக்குள் அது வந்து உட்கார்ந்தது, போனது. அவள் பாட்டுக்குப் பெட்டி தூக்கினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்து அவளுக்காகத் தூங்கினார்.

மூன்றாவது மாதம் அவள் படத்தை கேன்டீன் சுவரில் மாட்டினார்கள். 'இம்மாதத்தின் நிதானத் திலகம். சராசரி எண்: 21.' எல்லாரும் கை தட்டினார்கள். பெனிட்டாவுக்கு அந்தப் படத்தைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போல இருந்தது. பதினாலு வருடம் அவள் பட்ட பாட்டுக்கு ஒரு பயல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாற்காலியில் குறட்டை விடுகிறவரின் இருபத்தொன்றுக்கு அவள் முகத்தை ஒட்டி மாலை போடுகிறார்கள்.

ராயப்பன் அந்தப் படத்தைப் போனில் வாங்கிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். "நான் சொன்னேம்லா, தானா சரியாப் போயிரும்னு!" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கியதையும் அவளால் பொறுக்க முடியவில்லை.

நிதானியின் எண் ஆஸ்பத்திரிக் கோப்புக்கும் போய்க்கொண்டிருந்தது; அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! தொடர்ந்து தொண்ணூறு நாட்கள் உங்கள் எண் முப்பதுக்குக் கீழ் இருந்ததால், நீங்கள் குணமடைந்தவராகப் பதிவு செய்யப்பட்டீர்கள். உங்கள் சிகிச்சைக் கோப்பு மூடப்படுகிறது.'

கோப்பு மூடினால் மாத்திரை கிடையாது. எந்த மருந்துக்கடை இயந்திரமும் கொடுக்காது. சிவகாமி டாக்டரிடம் ஓடினாள். அவர் எழுதிப் பார்த்தார், திரை ஏற்கவில்லை. "குணமானவங்களுக்கு என்னை எழுத விடமாட்டேங்குது பெனிட்டா. உங்க எண் நிஜமாவே இருபத்தொண்ணுதானா?" என்று கேட்டார். பெனிட்டா நிதானி இல்லாத மணிக்கட்டை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கையில் இருக்கிற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல் எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

என்ன முடிவு? உண்மையைச் சொன்னால் மாத்திரை உண்டு, கிரேன் இல்லை. சொல்லாவிட்டால் கிரேன் உண்டு, மாத்திரை இல்லை. நோயைக் கட்டி மேய்க்கிறவளுக்கு இந்த இரண்டும் வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் இடம் விட்டிருக்கவில்லை. அவள் அரை மாத்திரையில் நாளை ஓட்டினாள். பல நாள் விடியற்காலையில் அது படுக்கையிலேயே வந்து உட்கார்ந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு புதன்கிழமை, சுடலைமுத்து நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். அவர் நின்று அவள் பார்த்ததே இல்லை.

"ஏம்மா" என்றார், "நீ மேல இருக்கும்போது கீழ எத்தனை பேரு நிப்பாவ?"

"கரையில ஆளு கெடையாது. கப்பல்ல இருவது பேரு இருப்பாவ. ஏன் கேக்கிய?"

"சும்மாதான்." சாப்பாட்டுக் கேரியரை வாங்கிக் கீழே வைத்தார். திறந்து மோந்துகூடப் பார்க்கவில்லை. "போன வாரம் எம் பொஞ்சாதி கூட ஒரு சண்டை. ராத்திரி தூக்கமில்ல. காலையில நம்பரு முப்பத்தஞ்சு காட்டுச்சு. அன்னையிலேருந்து இதையே பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஏழு பேரு வண்டி நின்னுபோவும்லா? நாடகம் பாக்கதை நிறுத்திட்டேன். மொளகா சேக்கதில்ல. ஆனாலும் பாரு, நாப்பத்தி நாலு."

பெனிட்டா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "நெஞ்சு படபடங்குதா அண்ணாச்சி?"

"ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லைங்காவ. ஒண்ணுமில்லாமலா இப்பிடி அடிக்கும்?"

அந்தக் கேள்வியை அவள் பதினாலு வருடத்துக்கு முன்னால் இதே குரலில் கேட்டிருக்கிறாள். "என்னதைக் கழட்டிக் குடுத்துருங்க அண்ணாச்சி" என்றாள்.

"கழட்டுனா நாளைக்கே பூட்டு விழும் ஒனக்கு. விடு. நான் பாத்துக்கிடுதேன்."

அவளும் விட்டுவிட்டாள். விட்டது தப்பு என்று தெரிந்தேதான் விட்டாள்.

அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெனிட்டாவின் கிரேன் பூட்டிக்கொண்டது. பெட்டி கப்பலின் மேல்தட்டுக்கு நேர் மேலே நின்றது. கச்சான் காற்று நன்றாகப் பிடித்திருந்த நேரம். அவள் கையில் நிதானி இல்லாததால் தேன்குரலும் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள்: தூரத்தில் காசிலிங்கத்தின் போர்க்லிப்ட் நின்றுவிட்டது. கடலில், அதே கையில் நிதானியை விட்டிருந்த மிக்கேல் அண்ணனின் இழுவைப் படகு நடுவழியில் மிதந்தது.

மூன்றாவது பூட்டு. முதலில் அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான், கேபின் போச்சு. சுடலை அண்ணாச்சிக்கு என்ன ஆச்சோ என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. அதற்காகத் தன்னையே ஒரு வசவு வைதுகொண்டாள்.

அப்புறம் சங்கு ஊதியது. ஒலிபெருக்கி சொன்னது: "விஷவாயுக் கசிவு. எல்லாரும் வடக்கு வாசல் வழியாக வெளியேறவும். கப்பலில் உள்ளவர்கள் கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கவும்."

அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. துறைமுகத்தின் ஏழு மூலையில் வேலை செய்கிற ஏழு பேருக்கு ஒரே வினாடியில், ஒரே அளவில் நெஞ்சு படபடத்தால் இயந்திரம் என்ன நினைக்கும்? காற்றில்தான் ஏதோ கலந்திருக்கிறது என்று நினைக்கும். அதன் புத்திக்கு அது சரிதான்.

ஜனம் வடக்கே ஓடியது. பெனிட்டா ஏணியில் இறங்கித் தெற்கே ஓடினாள். சங்கு மண்டைக்குள் ஊதியது. அரை மாத்திரை உடம்பு; பாதி வழியில் கை மரத்தது, கண் ஓரம் இருட்டியது. "வந்துட்டியா? கூடவே ஓடி வா. உக்கார நேரமில்ல" என்றாள்.

சுடலைமுத்து இரண்டு பைக்குகளுக்கு நடுவே தரையில் கிடந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கையில் ஏழு நிதானியும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே தேன்குரலில் பேசிக்கொண்டிருந்தன. "நீங்கள் பதற்றமாக... பதற்றமாக இருக்கிறீர்கள்... மெல்ல மூச்சை..." ஏழிலும் தொண்ணூற்றாறு.

"தாயி, நான் போறேன். எம் பொஞ்சாதிட்ட..."

"எங்கயும் போவ மாட்டிய. ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை பாத்தாச்சு. இது சாவு இல்ல, இது வேற. எனக்குத் தெரியும் இதை."

பயப்படாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தையால் இதுவரை ஒரு ஆளுக்கும் பயம் குறைந்ததில்லை. அவரைத் தூக்கி உட்காரவைத்து, செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்ற வைத்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தாள்.

"இது இருவது நிமிசம் இருக்கும். பெறவு தானா எறங்கும். அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன். அந்தச் செவப்பு வண்டி யாருது?"

"என்ன தாயி இந்நேரம்..."

"சொல்லுங்க. யாருது?"

"நாப்பத்தேழு பதிமூணு. காசிலிங்கம் வண்டி."

"பக்கத்துல?"

"எழுவது நாப்பது... கேன்டீன் அந்தோணி. பின் பிரேக்கு புடிக்காது."

"அதுக்கு அடுத்தது?"

ஒவ்வொரு வண்டியாகச் சொன்னார். நம்பர், ஆள், அந்த வண்டியின் கோளாறு. முதல் வரிசை முடியும்போது எண்பத்திரண்டு. இரண்டாம் வரிசை பாதியில் எழுபது. அந்தோணி எப்படியும் ஒரு நாள் மதிலில் போய் முட்டுவான் என்று அவர் சொன்னபோது, அவர் குரலில் பழைய சுடலை அண்ணாச்சி கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் முகமூடி போட்டுக்கொண்டு தியோடர் ஓடி வந்தான். வந்தவன் அவர்கள் இரண்டு பேரையும், அந்த ஏழு நிதானியையும் பார்த்து அப்படியே நின்றான். ஆச்சரியப்பட்ட முகமாக அது இல்லை.

சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்தார். முழங்கை ஓரத்துக் கைக்குட்டையை மெல்ல அவிழ்த்தார்.

"சார், ஒங்களுதைக் கழட்டிக்கிடுங்க. இனி என்னால முடியாது" என்றார்.

தியோடர் முகமூடியைக் கழற்றினான்.

"அப்போ" என்றாள் பெனிட்டா, "விசவாயு இல்லன்னு ஒங்களுக்கு முதல்லயே தெரியும்."

"சிஸ்டம் கேட்டுச்சு மேடம். வாயுவா, இல்லையான்னு" என்றான் தியோடர். "இல்லைன்னு அமுக்கினா காரணம் எழுதணும். ஏழு பேர்ல என் பேரும் இருந்துச்சு."

"அதனால ஆமான்னு அமுக்கிட்டிய."

"காலேஜ்லேர்ந்து எனக்கும் இது இருக்கு மேடம். வீட்டுல யாருக்கும் தெரியாது."

ஓங்கி ஓர் அறை விடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பதினாலாம் நம்பர் படிவத்தைப் பற்றிச் சொன்னபோது இவன் பேரில் ஓடிய எண்ணும் சுடலைமுத்துவின் எண்தானே? அதே மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தொண்டை கட்டக் கத்தும்போது, சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானே! அறைய நேரமில்லை. மதிலுக்கு மேலே அவள் கிரேன் தெரிந்தது. பெட்டி காற்றில் ஆட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கப்பலின் மாலுமிகள் இருக்கிற கட்டடத்துக்கு ஓர் அடி கிட்டப் போனது. கதவை அடைத்துக்கொண்டு இருபது பேர் அதற்குள் இருந்தார்கள்.

"பெட்டி ஆடுது. பூட்டை எடுங்க."

"வேற ஆப்பரேட்டர் எல்லாம் வடக்கு வாசல் தாண்டிட்டாங்க..."

"நான் இருக்கேம்லா. எடுங்க."

"என் பேர்ல எடுக்கலாம். ஆனா ஓட்டுற ஆள் அறுபதுக்குக் கீழ இருக்காங்கன்னு நான் பார்த்து உறுதி சொல்லணும் மேடம்."

பெனிட்டா சுடலைமுத்துவின் கையிலிருந்து தன் நிதானியைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டினாள். மூன்றரை மாதத்துக்குப் பிறகு அது அவள் தோலைத் தொட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. எழுபத்து நாலு.

தியோடர் அந்த எண்ணைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். அந்தக் கை ஆடவில்லை. "இவருகிட்ட பேசிக்கிட்டு இருந்தப்பவும் இதே எண்ணா?"

"அதுக்கும் மேல இருந்திருக்கும். பதினாலு வருசமா இதுலதான் சார் வேலை பாக்கேன். ஒங்ககிட்ட வந்து வாய் கிழியச் சொன்னேனே, அது இதுதான்."

அவன் கையிலிருந்த திரையைத் தொட்டான். முதலில் சங்கு நின்றது. அப்புறம் இரண்டு தரம் விரலை நீட்டி மடக்கிவிட்டு, மூன்றாவது தரம் அழுத்தினான். "எடுத்துட்டேன்" என்றான். வேர்த்துக் கொட்டியது.

"எறங்கி வந்ததும் என் கோப்பைத் தொறக்கணும். எழுவத்தி நாலுன்னு எழுதுங்க. மூணு பூட்டுன்னும் எழுதிக்கிடுங்க, எனக்குப் பயமில்ல." பயம் இருந்தது, சொல்லிவிட்டாள். "ஆனா எழுவத்தி நாலுல இருந்துக்கிட்டு நான் என்ன செஞ்சேன்னு அதுக்குப் பக்கத்துலயே எழுதணும். நீங்க உக்காந்து, ஒங்க கையால எழுதணும்."

தியோடர் தலையாட்டினான். தன் நிதானியைத் தன் கையில் மாட்டிக்கொண்டான். அது எண்பத்தொன்று காட்டி, மூச்சு விடச் சொன்னது. அவன் சுடலைமுத்துவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ரெண்டு காலையும் தரையில ஊனுங்க சார்" என்றார் சுடலைமுத்து, தரையில் உட்கார்ந்தபடியே. "அந்தச் செவப்பு வண்டி யாருது, சொல்லும் பாப்போம்."

பெனிட்டா அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

ஏணியில் ஏறி, கேபினில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் கண்ணாடியில் ஊன்றினாள். கீழே முப்பத்தைந்து டன் இடமும் வலமுமாகப் போய் வந்தது. கிரேனை ஆட்டத்தின் பின்னாலேயே கொஞ்சம் நகர்த்தினாள், ஆட்டம் பாதியானது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். நெஞ்சு காதுக்குள் அடித்தது. கை தன் வேலையைப் பார்த்தது. பெட்டி கப்பலைத் தாண்டி, கரைக்கு மேலே வந்து, லாரிக்கு நேராக நின்றது.

"நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள்" என்றது மணிக்கட்டு.

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டுவிட்டு, பெனிட்டா பெட்டியை இறக்கினாள்.